ஒரு தையல் நீங்கலாக

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை செய்தவர்களுக்கும் என் வணக்கம். அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித் தருகிறவள். அவள் எழுதியிருந்தால் இது இன்னும் ஒழுங்காக இருந்திருக்கும். "படம் வந்த அன்னைக்கும், மழை பெஞ்ச அன்னைக்கும், போன அன்னைக்கும் அம்மா கூட இருந்தது நீதான் மாமா. நீயே எழுது. எழுத்துப் பிழைய நான் பாத்துக்கறேன்" என்று நோட்டையும் பேனாவையும் கொடுத்துவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒரு ஊரில் ஒரு வருடம் சேர்ந்தாற்போல இருந்தவனும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னது சரி. அந்த மூன்று நாளும் நான் இருந்தேன்.

அக்கா பிறந்தது கோலியனூருக்குப் பக்கத்தில். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. நான் கைக்குழந்தையாக இருக்கும்போது அப்பா காலமானார். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்று, விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற வேலைக்குப் போனார். நான் பள்ளிக்கூடம் போனது அந்தக் கூலியில்தான். ஆறாம் வகுப்பில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. ஜங்ஷனில் நின்றிருந்த ஒரு ரயிலில் ஏறிவிட்டேன். பிறகு பம்பாய்ப் பக்கம் ஓட்டலில் மாவாட்டினேன், லாரியில் கிளீனராக ஓடினேன், மரக்காணத்தில் உப்பு வாரினேன். எங்கே இருந்தாலும் வருடத்தில் ஒருமுறை அக்கா வீட்டு வாசலில் நிற்பேன். "வந்துட்டியா, கை கால கழுவு, சோறு கீது" என்பார். எங்கே போயிருந்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அக்காவின் கணவர், என் மாமா, மூட்டை தூக்குகிறவர். மகளுக்கு நான்கு வயதாகும்போது, குடோன் அடுக்கிலிருந்து மூட்டை சரிந்து விழுந்து இறந்துபோனார். அந்தக் குடோனிலேயே அக்காவைக் காவலுக்கு வைத்தார்கள். அக்கா கெட்டிக்காரர். மல்லாட்டைக் காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து, பருப்பைக் கையில் தேய்த்துப் பார்த்து, கடைசியில் ஒன்றைக் கடித்துப் பார்த்து, இந்தச் சரக்கில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். காய்ந்த பருப்பு நொடுக்கென்று உடையும். ஈரம் வாங்கியது பல்லுக்கு வளைந்து கொடுக்கும்.

அப்படிப்பட்டவர் பொறுப்பில் இருந்த குடோனிலேயே ஒரு மழையில் சரக்கு பூஞ்சை பிடித்தது. கூரை ஓடு நகர்ந்ததைக் கணக்கப்பிள்ளை பார்த்தும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. பழி அக்கா மேல் விழுந்தது. "ஈரம் வாங்க விட்டவ" என்று விழுப்புரத்தில் பேர் ஆனது. வேறு எந்தக் குடோனிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. "நீ இன்னா தப்பு பண்ண?" என்று நான் சண்டைக்குக் கிளம்பினேன். "ஓடு நகர்ந்தத நான் பாத்திருக்கணும்டா. சரக்கு வந்த மாதிரி போவல. அவ்வளவுதான்" என்றார். மகளையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனார்.

திண்டிவனத்தில் ஒரு எண்ணெய் மில் ஓடாமல் கிடந்தது. அதன் முதலாளி, குடோனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். விழுப்புரத்துப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. "ஒரு தடவ பாக்கறேன். ஏதாவது புகார் வந்துதுன்னா அன்னைக்கே சாவிய வச்சிட்டுப் போயிடணும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். எண்பதுகள் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும்.

அந்தக் குடோனுக்குத்தான் மெட்ராஸிலிருந்து இரண்டு லாரி வந்தது. சரக்கு இறக்க ஆள் வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியதால் நானும் போயிருந்தேன். லாரியில் மூட்டை இல்லை. படங்கள். கட்டிலளவு படம், கதவளவு படம், கையகலப் படம். கூட ஒரு காரில் கதர்ப் புடவை கட்டிய அம்மா ஒருவர் வந்தார். நாங்கள் எல்லோரும் அவரைக் கேலரி அம்மா என்றே சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கேலரியின் கதையைக் கேலரி அம்மா அக்காவிடம் சொன்னார், அக்கா எனக்குச் சொன்னார். மெட்ராஸில் அவர்கள் பங்களாவில் ஒரு கார் ஷெட் இருந்ததாம். காரை விற்றுவிட்டார்கள். ஷெட் சும்மா கிடந்தது. அப்போது புது மாதிரிப் படம் போடுகிற பையன்கள் நாலைந்து பேர் படிப்பு முடித்து வெளியே வந்திருக்கிறார்கள். அவர்கள் படத்தை மாட்ட யாரும் சுவர் தரவில்லை. இந்த அம்மா ஷெட்டுக்கு வெள்ளையடித்து, பல்பு போட்டு, "இங்க மாட்டுங்கப்பா" என்றாராம். முதல் நாள் படம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பக்கத்து வீட்டுக்காரர், "சாமி படம் மாட்டக் கூடாதா, இது என்ன கிறுக்கல்?" என்று கேட்டிருக்கிறார். மெல்ல மெல்லப் பேப்பரில் எழுதினார்கள், டில்லியிலிருந்து ஆள் வந்தார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். ஷெட் போதாமல் பங்களாவின் முன்கூடமும் கேலரி ஆனது. பிறகு பங்காளிகள் சொத்தைப் பிரித்தார்கள். பங்களாவை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள். கேலரிக்கு வேறு இடம் பார்த்துப் புதுக் கட்டிடம் எழும்பும்வரை படங்களை எங்கே வைப்பது? மில் முதலாளி கேலரி அம்மாவுக்குத் தூரத்து உறவு. இப்படித்தான் அந்தப் படங்களெல்லாம் மல்லாட்டைக் குடோனுக்கு வந்து சேர்ந்தன.

"ஆறே மாசம்தாம்மா" என்றார் கேலரி அம்மா. நாலு வருடம் ஆனது.

அக்கா முதல் நாளே கேட்டார்: "இதுக்கு இன்னா ஆவும், இன்னா ஆவாதுன்னு சொல்லிட்டுப் போங்கம்மா."

"ஈரம் ஆகாது. நேர் வெயில் ஆகாது. பூச்சி ஆகாது. கை படக் கூடாது."

"மல்லாட்டைக்கும் அதேதாம்மா. கை மட்டும் படலாம்."

கேலரி அம்மா சிரித்தார். அதன் பிறகு ஒரு பயமும் இல்லாமல் கிளம்பிப் போனார்.

அக்கா படங்களைத் தரையில் வைக்கவில்லை. மூட்டை அடுக்குகிற மாதிரி அடியில் மரக்கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காற்று போக இடம் விட்டு நிறுத்தினார். உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து மூலைக்கு மூலை கட்டினார். வெயில் ஏறிக் காற்று உலர்ந்த பிறகு கதவைத் திறப்பார், பொழுது சாயுமுன் மூடிவிடுவார். இதற்கெல்லாம் மேலே ஒன்று செய்தார். ஒரு பிஸ்கட் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே நன்றாகக் காய்ந்த மல்லாட்டையைப் போட்டு, படங்களுக்கு நடுவே வைத்தார். தினமும் காலையில் ஒன்றை எடுத்து உடைத்துக் கடித்துப் பார்ப்பார். நொடுக்கென்று உடைந்தால் அன்றைக்குக் கவலையில்லை. வளைந்தால் எல்லாக் கதவும் திறக்கும், இரும்புச் சட்டியில் கரி அனல் ஓரமாக வந்து நிற்கும்.

கேலரி அம்மா ஒருமுறை முள் வைத்த கருவி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். ஈரம் காட்டுமாம். அக்கா அதைப் பார்க்காமலே ஒரு பருப்பைக் கடித்து, "நேத்துக்கு இன்னைக்கு கொஞ்சம் ஏறியிருக்கும்மா, பாருங்க" என்றார். முள்ளும் ஏறித்தான் இருந்தது. "இதை நான் எடுத்துட்டுப் போயிடறேன். வேற யாருக்காவது உதவும்" என்று கேலரி அம்மா கருவியைக் கழற்றிக்கொண்டார்.

குடோனைக் கூட்டிப் பெருக்க வந்த பெண்களுக்கு அந்தப் படங்கள் பெரிய வேடிக்கை.

"எக்கா, இந்தப் பொம்பளைக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் கீதே!"

"பக்கவாட்டுல நிக்கறா போல."

"மூக்கு நேரா கீதேக்கா. லாரி மோதுன மூஞ்சிதான் இது, நான் அடிச்சி சொல்றேன்."

"உன்ன வரைஞ்சாலும் அப்படித்தான் வரும், ஜல்தியா பெருக்குடி" என்பார் அக்கா. ஆனால் அவர்கள் போன பிறகு அந்தப் படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் பார்ப்பார். "புரியுதா?" என்று ஒருமுறை கேட்டேன். "புரியல. ஆனா வரைஞ்சவன் ஏமாத்தல, அது தெரியுது" என்றார்.

இரண்டாம் வருடத்து மழையில் ஒரு பகலில் காற்று அடித்து, மேற்குப் பக்கக் கூரையில் ஒரு சிமெண்ட் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் அப்போது உப்பளத்தில் வேலை நின்று திண்டிவனத்தில் இருந்தேன். தண்ணீர் கொட்டுகிறது. அக்கா கத்தவே இல்லை. எதை முதலில் எடுப்பது, எங்கே வைப்பது என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் தூக்கித் தூக்கி ஓடினோம். ஒரு படமும் நனையவில்லை. மேலே சுற்றியிருந்த கட்டுகள் சில மட்டும் நனைந்தன. அவற்றைப் பிரித்துக் காய வைக்க வேண்டியிருந்தது.

அதில் ஒன்று, கோணியில் சுற்றியது. பிரித்தால் உள்ளேயும் கோணி. ஒரு ஆள் உயரச் சட்டத்தில் பழைய கோணியை இழுத்து அடித்து, அங்கங்கே தார் பூசியிருந்தது. நடுவில் ஓட்டைகள். பெருக்குகிற பெண், "அடிக் கோணிதான் இது, படம் எங்கியோ கழண்டு உழுந்துடுச்சிக்கா" என்றாள். அக்கா சட்டத்தின் பின்னால் இருந்த எண்ணைக் கேலரி லிஸ்டோடு ஒத்துப் பார்த்தார். எண் இருந்தது. அப்படியானால் இதுதான் படம். ஓட்டைகளின் ஓரத்தில் இழை பிய்ந்து தொங்கியது. அக்கா முகம் வெளுத்துவிட்டது.

"எலி" என்றார்.

அக்கா ஆயுள் முழுக்கக் கோணியில் பார்த்த ஓட்டையெல்லாம் எலி போட்டதுதான். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

"கேலரி அம்மாக்கு போன் போட்டு சொல்லிடறேன்டா."

நான்தான் தடுத்தேன். "சொன்னா விழுப்புரம் கதைதான் மறுபடியும். முதலாளி அன்னைக்கே சாவிய வாங்கிடுவாரு. பாப்பா பத்தாவது படிக்கறா. எங்க போவ? கோணிதானே, தைச்சி வச்சிடு." எதிலிருந்தும் எழுந்து போய்விடுவது எனக்குப் பழக்கம். அக்காவுக்கு அது பழக்கமில்லை. இருந்தும் மகளை நினைத்து, அந்த ஒருமுறை என் பேச்சைக் கேட்டார்.

மூன்று மதியம் யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து தைத்தார். அதே நிறம் வர வேண்டும் என்று பழைய கோணியிலிருந்து சணல் இழை உருவிக் கொடுத்தேன். தையல் முடிந்ததும் எட்டடி தள்ளி நின்று பார்த்தேன். ஓட்டை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. அக்கா அதைத் திரும்பச் சுற்றிக் கட்டி வைத்தார். பிறகு எலிப்பொறி நான்கு வாங்கினார், ஒரு பூனை வளர்த்தார். இரண்டு வருடத்தில் பொறியில் ஒரு எலியும் விழவில்லை. அதைப் பார்த்தும் எங்களுக்கு எதுவும் புரியவில்லை.

ஒவ்வொரு முறை கேலரி அம்மா வரும்போதும் அக்கா சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறார். என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் அவர் எப்போதும் சொல்கிற "சரக்கு வந்த மாதிரி போவணும்" என்ற வார்த்தையை அந்த இரண்டு வருடம் அவர் வாயில் நான் கேட்கவில்லை.

மெட்ராஸில் கட்டிடம் முடிந்தது. படங்களை ஏற்ற லாரிகள் வந்தன. கேலரி அம்மாவும் ஒரு மேனேஜரும் வந்தார்கள். அவர்களோடு தாடி வைத்த ஓவியர் ஒருவரும் வந்தார். மில் முதலாளியும் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் ஒவ்வொரு படமாகப் பார்த்து லிஸ்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒரு கறை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. "மெட்ராஸ்ல எங்க கையில இருந்திருந்தாக்கூட இப்படி இருந்திருக்காது" என்று அவர் முதலாளியிடம் சொன்னார். முதலாளி முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "விழுப்புரத்துல நமக்குப் புதுக் குடோன் வருது. அதையும் இவங்ககிட்டதான் விடப்போறேன்" என்றார்.

கோணிப் படம் சுற்றியபடியே இருந்தது. மேனேஜர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "இதைப் பிரிக்க வேணாம், அப்படியே ஏத்துங்க" என்றார். நான் ஒரு முனையைத் தூக்கினேன். இன்னும் பத்தடி போனால் லாரி. ஏற்றியிருந்தால் அத்தோடு முடிந்தது.

"தம்பி, கீழ வை" என்றார் அக்கா.

நான் கண்ணைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா, இதப் பிரிச்சிப் பாத்துட்டு எடுத்துக்கினு போங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எலி கடிச்சிடுச்சி. சொல்லாம தைச்சி வச்சிட்டேன். தப்பு எம்மேலதான்."

மேனேஜர் கட்டைப் பிரித்தார். ஓவியர் முன்னால் வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே எடைமேடை மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் படம் அவர் போட்டது.

"எலி இல்லைம்மா. அந்த ஓட்டையெல்லாம் நான் போட்டது" என்றார்.

பெருக்குகிற பெண்தான் மெல்லக் கேட்டாள்: "ஏன் சார், நல்லா இருந்த கோணியிலயா?"

"நல்ல கோணியிலதாம்மா. மூணு மாசம் ஆச்சு, ஓட்டை போடறதுக்கு."

மேனேஜர் கத்த ஆரம்பித்தார். "இதோட மதிப்பு என்னன்னு தெரியுமா? கேலரி திறப்பு விழாவுல முதல் சுவர்ல மாட்ட வேண்டியது இது! யாரு பொறுப்பு இதுக்கு?" முதலாளி முகம் மாறிவிட்டது. "விழுப்புரத்துலயே சொன்னாங்க, நான்தான் கேக்கல" என்று அக்கா காதுபடவே சொன்னார். கேலரி அம்மா மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அழவில்லை. ஓவியரிடம் நேராகப் போனார். "சார், நீங்க போட்ட ஓட்டை போட்ட மாதிரியே உள்ள கீது. நான் ஒரு இழையக்கூட அறுக்கல. பாக்கறீங்களா?"

மூட்டை வாய் தைக்கிறவர்கள் ஒரு முனையில்தான் முடிச்சுப் போடுவார்கள். மறுமுனையில் சுருக்குப் போட்டு வால் விடுவார்கள். அந்த வாலைச் சுண்டி இழுத்தால் சர்ரென்று மொத்தத் தையலும் கழன்று வரும், கோணி கிழியாது. குடோனில் கத்தியே எடுக்கக் கூடாது என்பது சட்டம். அக்கா வேறு எந்தத் தையலும் அறியாதவர். அந்தப் படத்தையும் அப்படித்தான் தைத்திருந்தார். தொங்கின இழைகளை வெட்டாமல் உள்பக்கம் மடித்து வைத்திருந்தார்.

சட்டத்தை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். மேல் முனையை நான் பிடித்தேன். கீழ் மூலையை ஓவியரே பிடித்துக்கொண்டார். அக்கா பின்பக்கம் விரலை விட்டுத் துழாவி, முதல் வாலைப் பிடித்து இழுத்தார். தையல் முழுதும் கையோடு வந்தது. இரண்டு வருடம் மூடிக் கிடந்த ஓட்டை திறந்துகொண்டது. நகத்தின் பின்புறத்தால் இழைகளை வெளியே நீவிவிட்டார். அவை முன்பு தொங்கினபடியே தொங்கின. இரண்டாவது. மூன்றாவது.

நான்காவதற்குக் கை போகும்போது ஓவியர், "போதும்மா" என்றார். "மிச்சத்தை அப்படியே விட்டுடுங்க. தையலோட நல்லா இருக்கு. நிஜமாத்தான் சொல்றேன்."

"வேணாங்க சார்."

"போட்டவனே சொல்றேன்ல?"

"உங்களுக்குத் தையல் வேணும்னா உங்க வீட்டுக்குப் போயி நீங்க தைச்சிக்குங்க. ஊசி நான் தர்றேன். இங்கேர்ந்து போறது வந்த மாதிரிதான் போவணும்."

மற்றதையும் இழுத்தார். அவை ஆறா ஏழா என்று அக்காவுக்கே நினைவில்லை. மறைத்துச் செய்த வேலை, எண்ணி வைக்கவில்லை. முடிந்ததும் சணலைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு, சாவியை எடுத்து முதலாளி முன்னால் எடைமேடையில் வைத்தார். "புகார் வந்தா வச்சிடச் சொன்னீங்க" என்றார்.

முதலாளி சாவியைப் பார்த்தார், கேலரி அம்மாவைப் பார்த்தார். கேலரி அம்மா சொன்னார்: "நான் எந்தப் புகாரும் சொல்லலையே. அவங்க சொல்லலேன்னா மெட்ராஸ் போற வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்படி ஒரு ஆள் உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுங்க."

முதலாளி அந்தச் சாவியை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். ஓவியர், அக்கா சொன்னதை மறக்காமல், ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்படித்தான் அக்கா விழுப்புரத்துக்குத் திரும்பினார். "ஈரம் வாங்க விட்டவ" என்று அனுப்பிய அதே ஊரில், அதைவிடப் பெரிய குடோனுக்குப் பொறுப்பாளராக வந்தார். மகளை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார். கோலியனூரிலிருந்து வேலை தேடி வந்த எத்தனையோ பெண்களை அங்கே சேர்த்துவிட்டார். அவர்களில் பலர் இன்று இந்த மலரைப் படிக்கிறீர்கள்.

கேலரி திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. நானும் அக்காவும் விழுப்புரத்தில் ரயிலேறி மெட்ராஸ் போனோம். நான் டிக்கெட் எடுத்துப் போன சில பயணங்களில் அது ஒன்று. வெள்ளைச் சுவர், மேலே விளக்கு, காலுக்குக் கீழே முகம் தெரிகிற தரை. முதல் சுவரில் கோணிப் படம். அதன் முன்னால் பத்துப் பேர் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கூட்டத்துக்குள் போய்க் கிட்டத்தில் பார்த்தார். பார்த்தவர் என் கையை அழுத்தினார்.

"டேய், கீழ் மூலையில ஒன்னு விட்டுப்போச்சிடா."

உண்மைதான். தாரை ஒட்டி, கட்டைவிரல் அளவு ஓட்டை ஒன்று இன்னும் தைத்தபடியே இருந்தது. அக்கா கையை நீட்டிவிட்டார். "அம்மா, தொடக் கூடாது!" என்று ஒரு காவலாள் ஓடிவந்தார். "இருப்பா, ஒரே இழுப்புதான்" என்றார் அக்கா. அதற்குள் ஓவியர் வந்துவிட்டார்.

"சார், ஒன்னு பாக்கி நின்னுடுச்சி. நான் கவனிக்கல, மன்னிச்சிக்கணும்."

"எனக்குத் தெரியும்மா. அன்னைக்கு அந்த மூலைய எதுக்கு நான் பிடிச்சேன்னு நினைச்சீங்க? அது மேலதான் கைய வச்சி மறைச்சிருந்தேன்."

"ஏன் சார்?"

"எல்லாத்தையும் நீங்க இழுத்துட்டா, நீங்க தைச்சதை நான் எப்படிப் பாக்கறது?"

அக்கா அந்தத் தையலையே பார்த்தார். "அப்போ வந்த மாதிரி போவலையே" என்றார். ஓவியர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது செங்கல்பட்டு தாண்டிய பிறகுதான் சிரித்தார். "நல்லா ஏமாத்திட்டான்டா தாடிக்காரன்" என்றார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் ஆந்திராவில் இருந்தேன். தகவல் கிடைத்து வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு நான் எங்கேயும் போகவில்லை. அது மழைக்காலம். பல்லில் வலு இல்லாததால் மகளிடம் மல்லாட்டை ஒன்றைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார். "நொடிக்குதா?" "இல்லம்மா, வளையுது." "அப்போ குடோன் மேற்குக் கதவ திறக்கச் சொல்லி ஆள் அனுப்பு." வலியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்.

அந்த நாட்களில்தான் கேலரி அம்மா விழுப்புரம் வந்தார். கேலரியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். தட்டச்சு செய்த தாளைக் கொண்டுவந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். கார் ஷெட், மழைக்கு ஒதுங்கியவர்கள், பங்களா இடித்தது எல்லாம் அதில் இருந்தது. "இடையில் சில ஆண்டுகள் படைப்புகள் நகருக்கு வெளியே பாதுகாக்கப்பட்டன" என்று ஒரு வரி வந்தது.

"வெளியேன்னா எங்கம்மா?" என்றார் அக்கா.

"திண்டிவனந்தான்."

"அப்போ திண்டிவனம்னு போடுங்க. ஊருக்குப் பேர் கீதில்ல."

கேலரி அம்மா அடித்துவிட்டுத் திண்டிவனம் என்று எழுதினார். "உங்க பேரையும் போடறேன்" என்றார். "எம்பேரு எதுக்கு? எல்லாம் போன மாதிரியே திரும்பி வந்துதுன்னு போட்டா போதும்." அதையும் எழுதினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். "இல்லம்மா, அது பொய்யாயிடும். அந்தக் கீழ் மூலைய சேத்து எழுதுங்க" என்றார். கேலரி அம்மா மூன்றாம் முறையாக அந்த வரியைத் திருத்தினார். பத்து நாளில் அக்கா போய்விட்டார்.

அக்காவைத் தோளில் சுமந்த குடோன் தொழிலாளர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முறை போட்டுக்கொண்டு காத்திருந்த பெண்களுக்கும், அன்று லாரியை அனுப்பி, தானும் கூடவே நடந்து வந்த மில் முதலாளிக்கும், காரியத்தன்று வந்து பந்தியில் பரிமாறிய கேலரி அம்மாவுக்கும், ஒரு மூலையில் உட்கார்ந்து அழுத தாடிக்காரருக்கும், கோலியனூர், வானூர், திண்டிவனம் உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் அது என் படிப்புக் குறைவு, மனக்குறை இல்லை.

கேலரியின் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. அதில் அக்காவின் பெயர் இல்லை, படமும் இல்லை. அவர் சொல்லி எழுதின வரி இருக்கிறது. அக்காவைப் பற்றி நான் எழுத நினைத்ததெல்லாம் அதில் இருப்பதால், அதை அப்படியே பார்த்து எழுதி முடிக்கிறேன்:

"இடையில் நான்கு ஆண்டுகள் படைப்புகள் திண்டிவனத்தில் இருந்தன. ஒரு தையல் நீங்கலாக, அனைத்தும் போன மாதிரியே திரும்பி வந்தன."